தலைக்கு மேல் வேலை என்று எழுதி மாட்டிக்கொண்டேன்: ஆங்கில மரபுத்தொடர்களைப் பழகும் வழி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கையில் ஏற்கெனவே நான்கு வேலைகள் இருந்தன, ஐந்தாவதையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். 'தலைக்கு மேல் வேலை இருக்கிறது, இதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும்' என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டி, 'த வொர்க் இஸ் ஓவர் மை ஹெட்' என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது. ரொம்ப அன்பான பதில். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றியாம், இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறாராம்.

'ஓவர் மை ஹெட்' என்றால் ஆங்கிலத்தில் 'என் புத்திக்கு எட்டவில்லை' என்று அர்த்தம். வேலை அதிகம் என்று சொல்லப் போய், வேலை தெரியாது என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்ட ஒரு வாரம் கிடைக்கவில்லை. இருந்த நாள்களிலும் இரண்டு, பயிற்சிக்குப் போயின.

இத்தனைக்கும் பள்ளியில் ஆங்கில மரபுத்தொடர்கள் ஒரு பட்டியலே மனப்பாடம். 'கிக் த பக்கெட்' என்றால் சாவது, 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் எளிது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் யார், யாரிடம், எந்த நேரத்தில் அதைச் சொல்வார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, அடிபட்டு அடிபட்டு நான் பழகிய வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கேட்டால் புரிய வேண்டிய தொடர்கள் வேறு, நாமே வாயைத் திறந்து சொல்ல வேண்டிய தொடர்கள் வேறு. முதல் குவியல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நல்லது. இரண்டாவது குவியலில் முப்பது நாற்பது இருந்தாலே அன்றாடப் பேச்சு தடையில்லாமல் ஓடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

1. மிருகங்களை விடுங்கள், சின்னச் சொற்களில் தொடங்குங்கள்

மரபுத்தொடர் என்றதும் எல்லோருக்கும் பூனையும் நாயும் யானையும்தான் நினைவுக்கு வரும். பார்க்க வேடிக்கையாக இருப்பதால் பாடப் புத்தகங்களும் அவற்றையே முன்னால் வைக்கின்றன. 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' தெரியாத மாணவர் கிடையாது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மழை நாளில் அதைச் சொல்வது குறைவு. 'இட்ஸ் போரிங்' என்பார்கள். இந்தப் 'போரிங்' சலிப்பு அல்ல. மழை கொட்டுகிறது என்று அர்த்தம், எழுத்தும் வேறு.

ஒரு நாளைக்குப் பத்து முறை காதில் விழுவது கண்ணுக்கே தெரியாத சின்னத் தொடர்கள். அலுவலக நடைபாதையில் நடக்கும் ஒரு நிமிடப் பேச்சைப் பாருங்கள்.

'ஹவ்ஸ் இட் கோயிங்?'
'நாட் பேட். யூ?'
'கான்ட் கம்ப்ளெயின். காட் எ மினிட்?'
'ஷுர், கோ அஹெட்.'
'இட்ஸ் அபௌட் தி அதர் டே...'
'ஹேங் ஆன், லெட் மீ க்ளோஸ் த டோர்.'

இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒரு வரியும் நிற்காது. முதல் கேள்வி உங்கள் உடல்நிலையைப் பற்றியது அல்ல, வணக்கம் சொல்கிற ஒரு வகை. அதற்கு முதுகுவலியிலிருந்து தொடங்கி விளக்கம் கொடுத்தால் கேட்டவர் நெளிவார். 'நாட் பேட்' என்பது 'மோசமில்லை' என்கிற குறை அல்ல, நன்றாகவே இருக்கிறேன் என்பது. 'கான்ட் கம்ப்ளெயின்' என்பதற்கும் நம்முடைய 'ஏதோ ஓடுது' என்பதற்கும் அதிக தூரம் இல்லை. 'தி அதர் டே' என்றால் வேறொரு நாள் அல்ல, அன்றைக்கு ஒரு நாள், அதாவது சில நாள்களுக்கு முன்பு. 'ஹேங் ஆன்' என்றால் கொஞ்சம் இருங்கள்.

இந்த ரகத்தில் காலை வாரிவிடக்கூடிய இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, 'டெல் மீ அபௌட் இட்'. வெயில் தாங்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், எதிரில் இருப்பவர் 'டெல் மீ அபௌட் இட்!' என்கிறார். அவர் கதை கேட்கவில்லை. 'அதை ஏன் கேக்குற!' என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அதுதான் இது. நான் ஒருமுறை நிஜமாகவே விளக்க ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னொன்று, 'ஐ ஆம் குட்'. ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போது இப்படிச் சொன்னால் 'வேண்டாம், போதும்' என்று பொருள். நான் நல்லவன் என்று யாரும் அங்கே சான்றிதழ் கொடுத்துக்கொள்வதில்லை.

ஆக, முதல் மாதம் முழுக்க இந்தச் சின்னச் சொற்களுக்கே ஒதுக்குங்கள். 'ஃபேர் எனஃப்' (நீங்கள் சொல்வது நியாயம்தான், சரி), 'நெவர் மைண்ட்' (பரவாயில்லை, விடுங்கள்), 'இட் டிபெண்ட்ஸ்' (அது சூழலைப் பொறுத்தது), 'பேர் வித் மீ' (கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்), 'லெட் மீ ஸ்லீப் ஆன் இட்' (ஒரு ராத்திரி யோசித்துச் சொல்கிறேன்). இவை வாயில் வந்துவிட்டால் மீதி தானாக வரும்.

2. மாட்டியதும் அடையாளம் காணுங்கள், பிறகு முழுசாகத் தேடுங்கள்

வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் தெரிகிறது, ஆனால் மொத்தமாக அபத்தமாக இருக்கிறது. அப்படியானால் அங்கே ஒரு மரபுத்தொடர் உட்கார்ந்திருக்கிறது. 'ஷி இஸ் அண்டர் த வெதர்' என்று கேட்டால், யார்தான் வானிலைக்கு அடியில் இல்லை? உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அதுவும் லேசாக. பெரிய நோய்க்கு இதைச் சொல்வதில்லை.

பேச்சின் நடுவே புரியாமல் போனால் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். 'சாரி, ஐ ஹாவன்ட் ஹெர்ட் தட் ஒன் பிஃபோர்' என்று சொன்னால் போதும். கேட்டவர் சிரித்துக்கொண்டே விளக்குவார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே அடுத்த நாட்டுத் தொடர் புரியாமல் இப்படிக் கேட்பதுண்டு.

தேடும்போது சொல் சொல்லாகத் தேடாமல் தொடரை முழுசாகப் போட்டுத் தேடுங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் லெர்னர்ஸ், லாங்மேன் ஆகிய மூன்று அகராதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே எளிய சொற்களில் எழுதப்பட்டவை. அங்கே பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இன்ஃபார்மல், ஓல்ட்-ஃபேஷன்ட், ஹியூமரஸ், பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று. என் அனுபவத்தில் பொருளைவிட அந்தக் குறிப்புதான் மானத்தைக் காப்பாற்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அகராதி 'புல் சம்படீஸ் லெக்' என்று போட்டிருந்தால், அந்தச் 'சம்படீஸ்' ஒரு காலியிடம். அங்கே மை, யுவர், ஹிஸ் என்று ஆளுக்கேற்றபடி நிரப்ப வேண்டும். மற்ற சொற்கள் அசையாது.

3. ஒரு தொடருக்கு நாலு வரி

நோட்டுப் புத்தகமோ போனோ, எதில் எழுதினாலும் சரி. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் பொருள் என்று இரண்டு கட்டம் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நான் எழுதும் முறை இது. 'கால் இட் எ டே' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம்.

முதல் வரியில், கேட்ட இடம்: மாலை ஆறரை, கூட்டம் முடியும் நேரம், கூட்டத்தை நடத்தியவர் 'லெட்ஸ் கால் இட் எ டே' என்றார்.
இரண்டாவது வரியில், நான் தமிழில் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பேன்: 'சரி, இன்னைக்கு இது போதும்.'
மூன்றாவது வரியில், எது அசையும், எது அசையாது: 'கால்' என்பது 'கால்ட்' ஆகலாம். 'எ டே' என்பது 'டேஸ்' ஆகாது. ராத்திரியானால் 'கால் இட் எ நைட்'.
நாலாவது வரியில், என் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்: 'மின்சாரம் போனதும் நாங்கள் கால்ட் இட் எ டே.'

இரண்டாவது வரிதான் இதில் உயிர். அகராதிப் பொருளை அங்கே எழுதினால் 'பணியை நிறைவு செய்தல்' என்று வரும். அதை யாரும் பேசுவதில்லை, அதனால் தேவைப்படும் நேரத்தில் நினைவுக்கும் வராது. 'இன்னைக்கு இது போதும்' என்று மனசு சொல்லும் அதே நொடியில் ஆங்கிலம் வர வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைக்க வேண்டும்.

மூன்றாவது வரியும் லேசுப்பட்டதல்ல. 'பீஸ் ஆஃப் கேக்' என்பதை 'ஸ்லைஸ் ஆஃப் கேக்' ஆக்கினால் வெறும் தின்பண்டம் ஆகிவிடும். 'ஸ்பில் த பீன்ஸ்' (ரகசியத்தைக் கொட்டிவிடுவது) என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினாலும் தாங்கும். 'கிக் த பக்கெட்' தாங்காது. வாளி உதைக்கப்பட்டது என்றால் நிஜமாகவே யாரோ வாளியை உதைத்திருக்கிறார்கள். தமிழிலும் அப்படித்தானே? 'கம்பி நீட்டிவிட்டான்' என்றால் ஓடிவிட்டான். 'கம்பி நீட்டப்பட்டது' என்றால் பட்டறையில் நடக்கும் வேலை.

4. தமிழோடு உரசிப் பாருங்கள்

இதில்தான் எனக்கு அதிகம் வெளிச்சம் கிடைத்தது, அதிகம் அடியும் விழுந்தது. ஒவ்வொரு புதுத் தொடரையும் தமிழ்த் தொடரோடு வைத்துப் பார்த்தால் அது மூன்றில் ஒரு கூடையில் விழும்.

சில தொடர்களில் படமும் ஒன்று, பொருளும் ஒன்று. முதலைக் கண்ணீர் அங்கேயும் முதலைக் கண்ணீர்தான். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது, ஒரு விஷயத்தைக் கைகழுவுவது எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. இவற்றுக்கு உழைக்கவே வேண்டாம், ஒருமுறை பார்த்தால் போதும்.

சிலவற்றில் படம் வேறு, பொருள் ஒன்று. நமக்கு அத்தி பூக்கிறது, அவர்களுக்கு நிலா நீலமாகிறது: 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'. ஒரே மாதத்தில் இரண்டாவது முறை வரும் முழுநிலாவுக்கு ப்ளூ மூன் என்று பெயர். சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். சுற்றி வளைத்துப் பேசுவது அவர்களுக்குப் புதரைச் சுற்றி அடிப்பது. ஒரே கல்லில் நமக்கு இரண்டு மாங்காய், அவர்களுக்கு இரண்டு பறவை. குட்டு உடைந்தால் அங்கே பைக்குள்ளிருந்து பூனை வெளியே வரும். முகம் கொடுத்துப் பேசவில்லை என்று நாம் சொல்வதை அவர்கள் குளிர்ந்த தோளைக் காட்டினார் என்பார்கள்: 'கோல்ட் ஷோல்டர்'. இந்தக் கூடை படிக்கவே சுகமானது.

ஆனால் இங்கேயும் முழுப் பொருத்தம் என்று நம்பிவிடக் கூடாது. 'பைட் த புல்லட்' என்றால் பல்லைக் கடித்துக்கொள்வது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருப்போம், அது பொறுமை. 'பைட் த புல்லட்' ஒரு முடிவு. இத்தனை நாள் தள்ளிப்போட்ட கசப்பான காரியத்தை, சரி, ஆனது ஆகட்டும் என்று இன்று செய்துவிடுவது. பல் மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டால் அது 'பைட் த புல்லட்'. அதேபோல வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதை நம் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்பதோடு சேர்ப்பார்கள். புளி கரைத்தால் பயம் மட்டும்தான். பட்டாம்பூச்சி, மேடை ஏறும்போதும் பறக்கும், பிடித்தவரைப் பார்க்கும்போதும் பறக்கும்.

மூன்றாவது கூடைதான் ஆபத்து. படம் ஒன்றாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும். என் 'தலைக்கு மேல் வேலை' இதில் விழுந்ததுதான். நான் எழுதியிருக்க வேண்டியது 'ஐ ஆம் அப் டு மை இயர்ஸ் இன் வொர்க்'. நமக்குத் தலைக்கு மேலே போகும் வேலை அவர்களுக்குக் காது மட்டத்தில் நின்றுவிடுகிறது, என்ன செய்வது. இன்னொன்று, 'புல்லிங் மை லெக்'. கேட்டதும் 'காலை வாருவது' என்று தோன்றும். நமக்குக் காலை வாருவது துரோகம். அவர்களுக்கு அது வெறும் கிண்டல், 'சும்மா ஓட்டாதே' என்பது. நண்பர் சிரித்துக்கொண்டே 'ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்' என்றால் அவர் நட்பாகத்தான் இருக்கிறார்.

'கை கொடுப்பது' பாதி பொருந்தும். 'கிவ் மீ எ ஹேண்ட்' என்றால் உதவி செய், சரிதான். ஆனால் மேடையில் ஒருவர் 'கிவ் ஹிம் எ பிக் ஹேண்ட்' என்றால் எழுந்து போய்த் தூக்கிவிட வேண்டாம், கைதட்டினால் போதும்.

இந்த மூன்றாவது கூடைக்கு என் நோட்டில் தனியாகச் சிவப்பு மையில் ஒரு பக்கம் இருக்கிறது. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. இரட்டைச் சொல் வினைகள்

'புட் ஆஃப்', 'கிவ் அப்', 'ரன் அவுட் ஆஃப்' போன்றவற்றைத்தான் சொல்கிறேன். இலக்கணத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். பெரும்பாலானவர்கள் மிரளும் இடம் இது. ஒரு 'புட்' பின்னால் எது வருகிறதோ அதற்கேற்ப வேஷம் மாறும். 'புட் ஆன்' உடுத்துவது, 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, 'புட் அவுட்' தீயை அணைப்பது, 'புட் டவுன்' ஒருவரை மட்டம் தட்டுவது, 'புட் அப் வித்' சகித்துக்கொள்வது.

ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் இதற்கு மிரள வேண்டியதில்லை. நம் துணைவினைகள் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். 'போடு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடு என்றால் எதையும் எங்கேயும் தள்ளுவதில்லை, போடுவதும் இல்லை. 'செய்' வேறு, 'செய்து பார்' வேறு. பின்னதில் கண்ணுக்கு வேலையில்லை, முயன்று பார்ப்பதுதான் பொருள். ஆங்கிலத்தில் அது 'ட்ரை அவுட்'. 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டு முடித்துவிடு' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் 'ஈட்' என்பதற்கும் 'ஈட் அப்' என்பதற்கும் உள்ளது. 'யூஸ் அப்', 'ஃபினிஷ் அப்' ஆகியவற்றிலும் அந்த 'அப்' மேலே ஏறவில்லை. மிச்சமில்லாமல் தீர்வதைச் சொல்கிறது. எல்லா 'அப்'புக்கும் இது பொருந்தாது, ஆனால் நிறைய இடங்களில் கை கொடுக்கும்.

கவனிக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று. 'இட்' வந்தால் பலவற்றில் அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'புட் ஆஃப் த மீட்டிங்' என்றும் சொல்லலாம், 'புட் த மீட்டிங் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'மீட்டிங்' போய் 'இட்' வந்துவிட்டால் 'புட் இட் ஆஃப்' மட்டும்தான். 'புட் ஆஃப் இட்' தப்பு. 'லுக் ஆஃப்டர்' போன்ற சில, பிரியவே பிரியாது: 'லுக் ஆஃப்டர் இட்'. விதியை மனப்பாடம் செய்வதைவிட 'இட்' சேர்த்தே வாய்விட்டுப் பழகிவிடுங்கள். புட் இட் ஆஃப், டர்ன் இட் டவுன், ஃபிகர் இட் அவுட், ஃபில் இட் இன் என்று பாட்டு மாதிரி சொன்னால் நாக்கே சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

6. எந்த ஊர் ஆங்கிலம் என்று பாருங்கள்

விளையாட்டிலிருந்து வந்த தொடர்கள் ஊரைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கர்கள் பேஸ்பாலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் குத்துமதிப்பான தொகை, 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராமல் வந்து விழும் சிக்கல். பிரிட்டிஷார் கிரிக்கெட்டிலிருந்து எடுத்தார்கள். 'நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்' என்றால் சிக்ஸர் அடித்த சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். அடி வாங்கியது நாம்தான், பந்து நாம்தான். அதிர்ச்சியான செய்தி வந்தால் சொல்வது.

இரண்டு ஊருக்கும் நடுவே எதிரெதிர் பொருள் கொள்ளும் சொற்களும் உண்டு. கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் அதை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் அதை ஒத்திப்போடுவது. இரண்டு நாட்டுக்காரர்களும் இருக்கும் கூட்டத்தில் இந்தச் சொல் வந்தால், எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

தோற்றக் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொடரின் கதை தெரிந்தால் மறக்காது, உண்மை. 'ஸ்டீல் மை தண்டர்' என்ற தொடருக்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. ஜான் டென்னிஸ் என்ற நாடகாசிரியர் 1709-இல் தன் நாடகத்துக்காக இடிச் சத்தம் எழுப்பப் புது உத்தி ஒன்றைச் செய்தார். நாடகம் ஓடவில்லை. பிறகு அதே அரங்கில் வேறொரு நாடகத்தில் தன் இடி முழங்குவதைக் கேட்டு, என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று கொதித்தாராம். இன்று, நாம் வாங்க வேண்டிய கைதட்டலை இன்னொருவர் முந்திக்கொண்டு வாங்கினால் இந்தத் தொடரைச் சொல்கிறோம். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளில் பாதி கட்டுக்கதை. 'சேவ்ட் பை த பெல்' சவப்பெட்டியில் கட்டிய மணியிலிருந்து வந்தது என்பார்கள். அது குத்துச்சண்டையில் சுற்று முடியும்போது அடிக்கும் மணி.

7. வாயைத் திறக்கும் முன்

'கிக் த பக்கெட்' நம் 'மண்டையைப் போட்டுவிட்டான்' போன்றது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அதைச் சொல்வீர்களா? 'பாஸ்ட் அவே' என்பதுதான் அங்கே சரி. ஆனாலும் ஆங்கிலத்தில் இந்தத் தவறு நடக்கிறது, ஏனென்றால் பட்டியலில் இரண்டுக்கும் 'இறந்துபோதல்' என்றே போட்டிருக்கும்.

நன்றாகத் தெரியாத தொடரை எழுத்தில் போடாதீர்கள். பேச்சில் தவறினால் முகம் காட்டிக்கொடுக்கும், உடனே திருத்தலாம். மின்னஞ்சலில் அது அப்படியே நிற்கும், என் இரண்டு நாள் போனது போல. ஒரே பத்தியில் மூன்று மரபுத்தொடர் வருவதும் நன்றாக இருக்காது. நம்மிடம் வந்து ஒருவர் வாக்கியத்துக்கு ஒரு பழமொழி சொன்னால் எப்படி இருக்கும்? அதே அலுப்புதான் அவர்களுக்கும்.

நாம் வழக்கமாக எழுதும் சில தொடர்கள் வெளியே வேறு மாதிரி கேட்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2015' என்றால் படிப்பை முடித்தேன் என்று நாம் நினைப்போம். பிரிட்டிஷாரோ அமெரிக்கரோ மயங்கி விழுந்தேன் என்று எடுத்துக்கொள்வார். 'கிராஜுவேட்டட்' என்றால் குழப்பமில்லை. 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம் என்று தோன்றும், 'ஐ ஹாவ் எ க்வெஸ்சன்' போதும். 'டூ த நீட்ஃபுல்' பழைய ஆங்கிலத்தில் இருந்ததுதான், அங்கே வழக்கொழிந்துவிட்டது. இவற்றை நமக்குள் பேசும்போது மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

8. வாரத்துக்கு மூன்று

வாரத்துக்கு மூன்று தொடர் போதும். ஐந்து எடுத்துப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை எதுவும் நினைவில் இல்லை.

திங்கள்கிழமை மூன்றையும் நாலு வரி முறையில் எழுதுங்கள். பிறகு யூக்ளிஷ் என்ற தளத்தில் தொடரைப் போட்டுத் தேடுங்கள். யூடியூப் காணொளிகளில் யார் யார் அதைச் சொன்னார்களோ சரியாக அந்த இடத்திலிருந்து ஓட்டிக்காட்டும். பத்துப் பேர் சொல்வதைக் கேளுங்கள். எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது, சொல்லும்போது சிரிக்கிறார்களா, சலிக்கிறார்களா என்று பாருங்கள். பத்து எடுத்துக்காட்டே கிடைக்கவில்லை என்றால் அந்தத் தொடர் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை, முதல் குவியலில் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். பிபிசி லெர்னிங் இங்கிலிஷ் நடத்தும் 'தி இங்கிலிஷ் வி ஸ்பீக்' நிகழ்ச்சியும் நல்லது. சில நிமிடம்தான், ஒரு பகுதிக்கு ஒரே தொடர்.

திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று 1885-இல் எழுதினார். விட்டு விட்டுப் படித்தால் நிற்கும் என்பதும் அதில் தெரிந்தது. ஆன்கி என்ற செயலி இந்த நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அதில் அட்டையின் முன்பக்கம் ஆங்கிலத்தைப் போடாதீர்கள், உங்கள் இரண்டாவது வரியைப் போடுங்கள். 'சரி, இன்னைக்கு இது போதும்' என்று தமிழில் பார்த்ததும் ஆங்கிலம் வாயில் வர வேண்டும்.

அந்த வாரத்துக்குள் ஒருமுறையாவது நிஜ மனிதரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். தப்பாகப் போனால், 'வாட் ஐ மீன் இஸ்' என்று தொடங்கி எளிய சொல்லில் திரும்பச் சொன்னால் தீர்ந்தது.

முதல் வாரத்துக்கு எதை எடுப்பது என்று கேட்டால், 'பேர் வித் மீ', 'ஃபேர் எனஃப்', 'கால் இட் எ டே' என்பேன். மூன்றும் எல்லா ஊர் ஆங்கிலத்திலும் செல்லும், மேலாளரிடமும் சொல்லலாம், நண்பரிடமும் சொல்லலாம். திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், முதல் தொடரின் நாலு வரியை இப்போதே எழுதிவிடலாம்.